தவறணைக்கு யார் சம்மதம்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று எந்தப் பக்கம் போனாலும் சில ஆண்டுகளுக்கொரு முறை இதே சச்சரவு எழுகிறது. தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு வெள்ளையடிப்பார்கள். முன்பக்கம் கம்பி அடைப்பார்கள். பெயர்ப்பலகை ஏறும் அன்றுதான் அது வைன் ஸ்டோர் என்று ஊருக்குத் தெரியும். அடுத்த நாள் கொழுந்துக்குப் போக வேண்டிய பெண்கள் பதாகையோடு வீதியில் நிற்பார்கள். பொலிஸ் வரும், ஓர் அரசியல்வாதி வருவார், பேசித் தீர்ப்போம் என்பார். சில கடைகள் திறக்காமலே போகும். சில கடைகள் ஊரின் கோபம் ஆறும்வரை காத்திருந்து சத்தமில்லாமல் திறக்கும்.

மது நல்லதா கெட்டதா என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தோட்டத் தொழிலாளரின் லயங்கள் சூழ்ந்த ஒரு சந்தியில் புதிதாக ஓர் உரிமம் கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் யாரைக் கேட்டுக் கொடுப்பது என்பதே கேள்வி. இரு தரப்பும் சொல்லும் நியாயங்களை அந்த அளவில் மட்டும் எடைபோடுகிறேன்.

கடை வேண்டும் என்பவர்கள் முதலில் கள்ளச்சாராயமான கசிப்பைக் காட்டுவார்கள். சட்டப்படியான கடை பக்கத்தில் இருந்தால் கசிப்பு தானாக ஒழியும் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சீனியும் ஈஸ்ட்டும் போட்டுப் பீப்பாயில் புளிக்க வைத்த கோடாவை, அளவும் சுத்தமும் பாராமல் காய்ச்சி இறக்கும் சரக்கு அது. குடித்தவன் உடம்புக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனால் லயத்தில் கசிப்பு விற்கும் முறையைப் பாருங்கள். சின்ன அளவில் கிடைக்கும். கடனுக்குக் கிடைக்கும். எந்த நேரமும் கிடைக்கும். வைன் ஸ்டோரில் 180 மில்லிலீட்டர் கால் போத்தலுக்குக் குறைந்து சாராயம் கிடைக்காது. கடனும் கிடையாது. அந்தக் கால் போத்தலின் விலை ஒரு நாள் கூலியில் பாதிக்குக் குறையாது. விலையைத் தீர்மானிப்பது வரி. கடை நகரத்திலிருந்து சந்திக்கு வந்ததால் வரி குறையப் போவதில்லை. கையில் காசில்லாதவன் கசிப்பைத்தான் தேடுவான்.

இன்னொன்றும் நடக்கும். போயா தினங்களில் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். முதல் நாளே போத்தல்களை வாங்கிப் பதுக்கி, லயத்தில் கூட்டிய விலைக்கு விற்பது எல்லோரும் அறிந்த தொழில். கடை சந்திக்கே வந்தால் அந்தத் தொழில் இன்னும் எளிதாகும். ஏற்கெனவே பல ஆண்டுகளாக இருக்கும் கடையைத் திடீரென்று மூடினால் குடிகாரர்கள் கசிப்புக்குப் போவார்கள் என்ற பயத்தை நான் ஏற்கிறேன். இருப்பதை மூடுவதும் புதிதாகத் திறப்பதும் வேறு வேறு காரியம். முதலாவதற்குச் சொல்லும் நியாயத்தை இரண்டாவதற்குக் கடன் வாங்குகிறார்கள்.

வருமானம் என்ற வாதத்தில் அதிகம் நிற்கத் தேவையில்லை. மதுவரி கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. சந்தியில் விற்ற போத்தலின் வரியில் தோட்டத்து மருந்தகத்துக்கு என்று ஒரு சதம் தனியாக ஒதுக்கப்படுவதில்லை. லாபம் உரிமக்காரருக்கு. இது பழைய கதை. 19ஆம் நூற்றாண்டில், கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், கண்டிப் பக்கத்துச் சாராயக் குத்தகையில்தான் ஜெரோனிஸ் த சொய்சா தன் குடும்பத்தின் பெருஞ்செல்வத்துக்கு அடித்தளம் போட்டார். குடித்தவர்கள் இன்னும் லயத்தில்.

அடுத்த வாதம்தான் கனமானது. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்ததும் அதுதான். நுவரெலியாவில் 1876இல் தொடங்கிய ஹில் கிளப் இருக்கிறது. துரைமாருக்கு என்று கிளப்புகள் இருந்தன, இருக்கின்றன. சுற்றுலா விடுதிகளில் மது ஓடுகிறது. அங்கே யாரும் பதாகை பிடிப்பதில்லை. கொழுந்து மலையில் கவ்வாத்து வெட்டியவன் மாலையில் ஒரு கிளாஸ் குடிக்க நினைத்தால் மட்டும் ஊரே புத்தி சொல்ல வருகிறது. ஏன்? தோட்டத் தொழிலாளி ஏழையாக இருப்பது குடியால்தான் என்ற பேச்சு இந்த மலைகளில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுகிறது. சம்பளத்தைப் பற்றிப் பேசாமலிருக்க அது வசதியான பேச்சு. நாட்சம்பளம் 1,000 ரூபாயை எட்டவே 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் குடிக்காதவன் வீடும் கடனில்தான் ஓடியது. ஆகவே தொழிலாளியைத் திருத்துகிறோம் என்று கிளம்பும் எதிர்ப்பை நான் ஏற்கவில்லை. வயது வந்த மனிதனுக்கு அவன் உழைத்த காசில் உரிமை உண்டு.

ஆனால் அந்தக் காசு யாருடையது? மலையில் கொழுந்து எடுப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கூடையைச் சுமப்பவள் அவள். மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. சம்பள நாளில் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு மிச்சம் தெரியும். கம்பி வலைக்குள் கைகள் நோட்டோடு நீளும். கொஞ்சம் தள்ளி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கடைக்குள் பார்க்காத மாதிரி ஒருத்தி நிற்பாள். உள்ளே போகாமலிருக்கும் மீதிக் காசுக்காக அவள் காத்திருக்கிறாள். மறுநாள் நிரையில் தேயிலைச் செடியின் அடியில் கிடக்கும் உடைந்த போத்தல் குத்துவதும் அவள் காலில்தான்.

சட்டமோ அவளை வாடிக்கையாளராகக்கூட மதிக்கவில்லை. மதுக்கடையில் பெண்களுக்கு விற்கக் கூடாது என்பது 1979ஆம் ஆண்டு மதுவரி அறிவித்தல். 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பிப் பெறச் செய்தார். பெண் வாங்கலாமா என்று நாடே வாதாடிய அந்த நாட்களில், கடை எங்கே இருக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. சுதந்திரம் என்ற வாதம் இந்த இடத்தில் இடறுகிறது. ஒரு வீட்டில் ஒருவருடைய உரிமைக்காக மட்டும் பேசுவதைச் சுதந்திர வாதம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாது.

எதிர்ப்பவர்கள் பக்கமும் கோணல் இருக்கிறது. உரிமம் எந்தக் கட்சிக்காரரின் ஆளுக்குக் கிடைத்தது என்பதைப் பார்த்தே பல இடங்களில் போராட்டத்தின் சூடு ஏறி இறங்குகிறது. முந்தைய ஆட்சியில் வழங்கப்பட்ட 361 மதுபான உரிமங்களின் விவரம் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வெளியானபோது, மதுவுக்கு எதிராக மேடையேறியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடசாலைக்கும் கோயிலுக்கும் இவ்வளவு தூரம் என்ற விதியை மட்டும் பிடித்துக்கொள்வதும் பலவீனமான வாதம். அந்தத் தூரத்துக்கு ஓரடி தள்ளிக் கடை போட்டால் வாதம் முடிந்துவிடும். லயத்து வீட்டின் சோற்றுப் பானைக்கும் கடைக்கும் உள்ள தூரத்தை எந்த விதியும் அளக்கவில்லை.

போதைப்பொருள் விஷயத்தில் இதே அரசு எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவனொளிபாதமலைப் பருவத்தில் கினிகத்தேனைப் பக்கம் பஸ்களை நிறுத்தி மோப்ப நாய் விட்டுச் சோதிப்பார்கள். பையில் கொஞ்சம் கஞ்சா வைத்திருந்த இளைஞர்கள் ஹட்டன் நீதவான் முன் நிறுத்தப்படுவார்கள். அதே நாட்டில், ஏற்றுமதிக்காக மீரிகமவில் 64 ஏக்கரில் கஞ்சா பயிரிட 2025இல் ஏழு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கலிபோர்னியாவிலோ, அதைப் புகைக்கும் கூடம் ஒரு தெருவில் திறக்க வேண்டுமென்றால் அந்த ஊரின் உள்ளூராட்சி சம்மதிக்க வேண்டும். கஞ்சாவுக்கு அங்கே இருக்கும் அந்த மரியாதை சாராயத்துக்கு இங்கே இல்லை. பிரதேச செயலகமும் பொலிஸும் அறிக்கை கொடுக்கும், மதுவரித் திணைக்களம் உரிமம் கொடுக்கும். லயத்தில் இருப்பவருக்குப் பெயர்ப்பலகைதான் அறிவித்தல்.

ஆகவே என் தீர்ப்பு இது: லயங்கள் சூழ்ந்த சந்திகளில், அங்கே வாழும் வயது வந்தவர்கள் எல்லோரும் இரகசியமாக வாக்களித்துச் சம்மதம் தராமல் புதிய உரிமம் எதுவும் கொடுக்கக் கூடாது. இது கனவு யோசனை அல்ல. பிரித்தானியர் காலத்து இலங்கையிலேயே, மதுவிலக்கு இயக்கத்தின் அழுத்தத்தால், ஊரார் வாக்களித்துத் தவறணையை மூடும் முறை இருந்தது, பல தவறணைகள் அப்படி மூடவும் பட்டன. மகாராஷ்டிரத்தில் இன்றும் வாக்கெடுப்பு நடக்கிறது. சீட்டில் நிமிர்ந்த போத்தல் ஒன்று, கடை வேண்டாம் என்பதற்குச் சாய்ந்த போத்தல் ஒன்று. எழுத்தறியாத பெண்ணும் சாய்ந்த போத்தலில் முத்திரை குத்திவிட்டு வரலாம்.

இதிலும் ஓட்டை உண்டு. பக்கத்து வட்டாரம் சம்மதித்தால் கடை அங்கே போகும், ஆட்டோ பிடித்து ஆண்கள் பின்னால் போவார்கள். வாக்குக்கு முதல் நாள் இலவசப் போத்தல் ஓடும். ஆனாலும் மலையகத் தமிழருக்கு இந்த வாக்குக்கு ஒரு தனிப் பெறுமதி இருக்கிறது. 1937இல் கிராமச் சங்க வாக்குரிமை தோட்டத் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டது. 1948இல் குடியுரிமையே போயிற்று. அதை மீட்ட பிறகும், தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்யச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன் சந்தியில் என்ன வரலாம் என்று சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மதுவரி உரிமங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றன. நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச சபைகளுக்கு 2025 மேயில் உறுப்பினர்கள் தெரிவாகிவிட்டார்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் உள்ள உரிமங்களின் உண்மையான உரிமையாளர் பெயர்களை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். புதிய விண்ணப்பம் வந்தால் டிவிஷன் வாரியாக வாக்கெடுப்பு வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி மதுவரித் திணைக்களத்துக்கு அனுப்பட்டும். அந்தத் தீர்மானத்துக்கு எந்தக் கட்சி உறுப்பினர் கை தூக்கினார், யார் அன்றைக்குக் கூட்டத்துக்கே வரவில்லை என்று மாதர் சங்கங்கள் குறித்து வைக்க வேண்டும்.