கைக்கு முத்தம், காலுக்கு விலங்கு!

போலந்து நாட்டிலே நெடுங்காலப் பழக்கம் ஒன்று உண்டு. பெண்ணைக் கண்டதும் ஆடவன் தலை தாழ்த்துவான். அவள் கையைப் பற்றுவான். புறங்கையில் முத்தமிட்டு மரியாதை செலுத்துவான். இளைஞரிடையே இன்று அப்பழக்கம் அருகிவிட்டது. முதியோரிடையே முற்றும் மறையவில்லை. அதே நாட்டிலே, 1656ஆம் ஆண்டு, லுவூவ் நகரத்து மாதா கோயிலில், மன்னன் யான் காசிமிர், ஏசுவின் அன்னையையே போலந்தின் அரசி என அறிவித்தான். விண்ணிலே ஓர் அரசி. வீட்டிலே ‘போலந்துத் தாய்’! மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டுக் கண்ணீரைக் கண்ணுக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும் அந்தத் தாயைப் பாடாத பாவலர் இல்லை. வரையாத ஓவியர் இல்லை.

கையிலே முத்தம்! தலையிலே மணிமுடி! பாட்டிலே பாராட்டு! நன்று. ஆனால், அந்தப் பெண் தன் உடலைப் பற்றித் தானே ஒரு முடிவெடுக்க விரும்பினால்? அப்போது பாவலர் பேசமாட்டார், குரு பேசுவார். முத்தமிட்ட வாய் மூடிக்கொள்ளும். சட்டம் வாய் திறக்கும்.

இந்த இரட்டை வேடத்தை 1929ஆம் ஆண்டிலேயே இழுத்து வந்து சந்தியிலே நிறுத்தினார் ஓர் எழுத்தாளர். தடேயுஷ் ஜெலென்ஸ்கி என்பது அவர் பெயர். உக்ரைன் அதிபரின் பெயராக இன்று ஏடுகளில் காண்கிறோமே, அவரல்லர் இவர், வேறொருவர். ‘பாய்’ என்று ஆங்கிலத்தில் பையனைக் குறிக்கும் சொல்லைப் புனைபெயராகச் சூடிக்கொண்டவர். பையன் என்று பெயர். பழமையின் பல்லைப் பிடுங்கிய கை! அவருடைய ‘பெண்களின் நரகம்’ என்னும் நூலையும், அதன் உடன்பிறப்புகளான வேறு சில ஏடுகளையும் இங்கே மதிப்பிட முனைகிறோம்.

மருத்துவரின் எழுதுகோல்

1874இல் பிறந்தவர் ஜெலென்ஸ்கி. தந்தை இசையமைப்பாளர். மகன் கிராக்கூவ் நகரில் மருத்துவம் கற்றுக் குழந்தை மருத்துவரானார். நோயுற்ற பிள்ளைகளையும், அவர்களைச் சுமந்து வந்த ஏழைத் தாய்மாரையும் நாள்தோறும் கண்டவர் அவர். மாலையிலோ காப்பிக் கடையிலே கூடும் கலைஞர் கூட்டம். 1905இல் அங்கே தொடங்கிய ‘பச்சைப் பலூன்’ என்னும் நையாண்டி மேடைக்குப் பாட்டு எழுதினார். பெரிய மனிதர்களின் பொய்ம்முகங்களைப் பார்த்துக் கிராக்கூவ் சிரித்தது. சிரிக்கக் கற்ற நகரம், சிந்திக்கவும் தொடங்கிற்று.

பின்னர் மருத்துவத்தை விடுத்து மொழிபெயர்ப்பிலே மூழ்கினார். மோலியேர், பால்சாக், வால்டேர், தீதரோ, மோன்தேன், ப்ரூஸ்த் என நூற்றுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு நூல்களைத் தனியொருவராகப் போலிஷ் மொழிக்குக் கொணர்ந்தார். பலர் கூடும் ஒரு கழகம் செய்யவேண்டிய பணி அது! ஐயம் எழுப்புவதே அறிவின் தொடக்கம் என்று காட்டிய தெக்கார்த்தின் நூலை வெளியிட்டபோது, ‘வயது வந்தோர்க்கு மட்டும்’ என்று அச்சிட்ட தாள்பட்டையை அதன்மீது சுற்றி விற்றார் என்பது அந்நாட்டு இலக்கிய உலகம் இன்றளவும் சொல்லிச் சிரிக்கும் செய்தி. கேலி என்று தள்ளிவிட வேண்டா, தோழர்களே! எண்ணிப் பார்த்தால் எத்துணை உண்மை! குழந்தை நிலையிலேயே இருக்க விரும்புவோர்க்குத் தெக்கார்த்து ஆகாதுதானே?

நரகத்தின் கணக்கு

‘பெண்களின் நரகம்’ 1930இல் நூலாயிற்று. அதற்கு முன் நாளேட்டுக் கட்டுரைகளாக வந்தது. கருக்கலைப்பைச் சிறைக்குரிய குற்றமாக்கி வைத்திருந்த சட்டமே அதன் பொருள். 1918இல் போலந்து விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 28இல் பெண்களுக்கு வாக்குரிமையும் வந்தது. ஆனால் ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டங்களோ விடுதலைக்குப் பின்னும் கோலோச்சின. புதுச் சட்டம் எழுத அமர்ந்தோரும் பழைய விலங்கையே மெருகேற்றித் தர முற்பட்டனர். அந்த வேளையிலேதான் ஜெலென்ஸ்கி எழுதுகோலை எடுத்தார்.

அவர் வேதாந்தம் பேசவில்லை, விவரம் பேசினார். சட்டம் தடுக்கிறது என்கிறீர்களே, யாரைத் தடுக்கிறது என்று கேட்டார். பணக்காரப் பெண்ணைத் தடுக்கவில்லை. அவளுக்கு மருத்துவர் உண்டு. வெள்ளை விரிப்பு உண்டு. வெளியே தெரியாத ஏற்பாடும் உண்டு. வேலைக்காரிக்கு? ஆலைத் தொழிலாளிக்கு? ஆறாவது பிள்ளைக்கு அரைவயிற்றுக் கஞ்சியும் இல்லாத குடியானவன் மனைவிக்கு? அவர்களுக்குக் கைவைத்தியக்காரியின் அழுக்குக் கருவி, காய்ச்சல், கல்லறை. தப்பிப் பிழைத்தால் நீதிமன்றம்! ஆகவே அது கருவைக் காக்கும் சட்டமன்று. ஏழையைத் தண்டிக்கும் சட்டம். கருவிலிருக்கும்வரை குழந்தைக்காகக் கண்ணீர் வடிக்கும் சமுதாயம், அது பிறந்த மறுநாளே, மணமாகாத தாயையும் சேர்த்துத் தெருவிலே தள்ளுகிறதே, அந்த அறம் எந்த அறம்?

இவ்வளவையும் அவர் கூச்சலிட்டுக் கூறவில்லை. நோயாளியின் நாடி பார்க்கும் மருத்துவரின் நிதானம், நாடக மேடையில் நின்று பழகியவரின் நகைச்சுவை, இரண்டும் கலந்த நடை. அந்த நடையே நூலின் பெருவலிமை. சினந்து எழுதுவோனைச் ‘சினக்காரன்’ என்று ஒதுக்கிவிடலாம். சிரித்துக்கொண்டே கேட்பவனுக்கு விடை சொல்லியாகவேண்டுமே!

சீறினர் குருமார், தூற்றின பழமை ஏடுகள். அவரோ அடுத்த ஏட்டை நீட்டினார். 1929இல் வந்த ‘மறைமன்றக் கன்னியர்’ மணச் சட்டத்தைப் பற்றியது. முன்பு ரஷ்யா ஆண்ட பகுதியிலே கத்தோலிக்கர் மணம் திருச்சபை மன்றத்தின் கையில் இருந்தது. அங்கே மணவிலக்கு இல்லை. ஆனால், ‘மணமே செல்லாது’ என்று தீர்ப்புப் பெறலாம். அதற்குக் காலம் வேண்டும், காசு வேண்டும். ஆண்டுக்கணக்கில் இல்லறம் நடத்தியவள் தீர்ப்பின் அருளால் மீண்டும் கன்னி! வசதியற்றோர் வேறு சபைக்கு மாறி விலக்குப் பெற்றனர். நாட்டின் தலைவராய் விளங்கிய பில்சுட்ஸ்கியே, மணவிலக்குப் பெற்ற பெண்ணை மணப்பதற்காக 1899இல் லூத்தரன் சபைக்கு மாறியவர்தாம். தலைவனையே மதம் மாறச் செய்யும் சட்டத்தைத் தெய்வச் சட்டம் என்றனர்! சட்ட வல்லுநர் குழு, நாடு முழுமைக்கும் ஒரே பதிவு மணச் சட்டத்தை வகுத்தது. ஆயர்கள் எதிர்த்தனர், அரசு அஞ்சிற்று, வரைவு உறங்கிற்று. 1932இல் ஜெலென்ஸ்கி எழுதிய நூலின் தலைப்பு, ‘நம்மை ஆக்கிரமித்தோர்’. அந்நியப் படைகள் அகன்ற பின்னும் அகலாத ஆதிக்கம் எது என்பதைத் தலைப்பே சாற்றுகிறது.

வெண்கலப் பூச்சு

இலக்கியத் திறனாய்விலும் அதே துணிவு. ஆதாம் மிட்ஸ்கேவிச் போலந்தின் தேசியக் கவிஞர். அவர் உடலை 1890இல் கொண்டுவந்து, மன்னர்கள் துயிலும் வாவெல் ஆலயத்திலே வைத்துப் போற்றினர். பாரிசில் வாழ்ந்தபோது அவர், புது வெளிப்பாடு பெற்றதாகக் கூறிய தொவியான்ஸ்கி என்னும் மாயாவாதியிடம் மயங்கிக் கிடந்தவர். அந்தப் பகுதியை மறைக்கக் கவிஞரின் மகனே கடிதங்களையும் ஆவணங்களையும் அழித்தார். அறிஞர் பலர் அதற்கு ஆமாம் போட்டனர். மனிதன் மறைந்தான், சிலை எழுந்தது. இத்தகையோரைத்தான் ‘வெண்கலம் பூசுவோர்’ என்று 1930இல் சாடினார் ஜெலென்ஸ்கி.

கவிஞரை இழிவுபடுத்தவா எழுதினார்? இல்லை. தடுமாறிய மனிதன், தவித்த மனிதன், அந்தத் தவிப்பினூடே பாடிய மனிதன்தான் நமக்கு வேண்டும். வெண்கலத்துக்கு மாலை போடலாம், அதனோடு உரையாட முடியுமா என்பதே அவர் வினா. பகுத்தறிவாளர் தம் நெஞ்சிலே எழுதிவைக்கவேண்டிய வினா அது. பழைய சிலைகளைக் கேள்வி கேட்போர், தாமே புதுச் சிலைகளுக்குப் பூச்சு வேலை செய்யத் தொடங்கிவிடலாகாது. ஆகவே ஜெலென்ஸ்கிக்கும் நாம் வெண்கலம் பூசப்போவதில்லை.

குறை எங்கே?

ஆதிக்கம் என்று அவர் கண்டது உண்மை. ஆனால் அந்த ஆதிக்கத்தை மக்கள் ஏன் அன்போடு தழுவினர்? இந்த வினாவுக்கு அவர் ஏடுகளில் போதிய விடை இல்லை. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் போலந்து என்ற நாடே நிலப்படத்தில் இல்லை. பள்ளியிலே அந்நிய மொழி. அலுவலகத்திலே அந்நிய மொழி. தாய்மொழி ஒலித்த இடங்களில் ஒன்று மாதா கோயில். 1901இல் விஷெஷ்னியா ஊர்ப் பள்ளியில், மறைப் பாடத்தை ஜெர்மன் மொழியில் படிக்க மறுத்த சிறுவர்கள் அடிபட்டனர். அந்த அடி மதத்துக்காகப் பட்டதா, மொழிக்காகப் பட்டதா? இரண்டையும் பிரிக்க முடியாதபடி வரலாறு முடிச்சுப் போட்டுவிட்டது. 1830இல் எழுந்த விடுதலைக் கிளர்ச்சியை, 1832இல் உரோமாபுரியின் போப்பே கண்டித்தார், ஜார் மன்னனுக்குப் பணியச் சொன்னார் என்பதும் வரலாறுதான். ஆயினும் மக்கள் நினைவிலே போப்பின் கண்டனம் நிற்கவில்லை; தங்களோடு நின்ற கிராமத்துக் குருவே நின்றார். இந்த முடிச்சை அவிழ்க்கக் கேலி மட்டும் போதாது. வார்சாவின் வாசகன் சிரித்தான். சிற்றூரின் தாய் அந்த ஏட்டைக் கண்டதே இல்லை.

இதை அவரும் ஓரளவு உணர்ந்திருக்கவேண்டும். 1931இல் எழுத்தாளர் இரேனா கிஷிவிட்ஸ்காவுடன் சேர்ந்து, வார்சாவின் லெஷ்னோ தெருவில், கருத்தடை பற்றி ஏழைப் பெண்களுக்கு அறிவுரை தரும் நிலையத்தைத் திறந்தார். எழுத்து செயலாயிற்று. 1932ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், பெண்ணின் உடல்நலம் கெடும்போதும், வன்கொடுமை போன்ற குற்றத்தால் கரு உண்டானபோதும், மருத்துவர் கருக்கலைப்புச் செய்ய இடம் தந்தது. அந்நாளில் அது பெரிய படி. ஆனால் வறுமையைக் காரணமாக ஏற்கச் சட்டம் மறுத்தது. மற்றப்படி கருக்கலைக்கும் பெண்ணுக்கு 3 ஆண்டுவரை சிறை என்றது. நரகத்தின் கதவு சிறிது திறந்தது, நரகம் அழியவில்லை.

1939இல் போர் மூண்டது; ஜெலென்ஸ்கி லுவூவ் சென்றார். சோவியத் ஆட்சியின் கீழ் பல்கலைக்கழகப் பதவி ஏற்றார், ஏடுகளில் எழுதினார். ஆதிக்கத்தை அத்துணைக் கூர்மையாகக் கண்ட கண், இன்னோர் ஆதிக்கத்தின் முன் தாழ்ந்ததே என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. 1941 ஜூலை 4இல் நாஜிகள் அந்நகரின் பேராசிரியர் பலரோடு அவரையும் சுட்டுக் கொன்றனர். எழுத்து மட்டும் எஞ்சிற்று.

ஏடு ஏந்திய வீதி

எஞ்சிய எழுத்துக்கு வேலை இருந்ததா? பாருங்கள்! 1956இல், ஒரு கட்சி ஆட்சியின்போது, வாழ்க்கை நெருக்கடியைக் காரணமாகக் கொண்டு கருக்கலைக்கச் சட்டம் இடம் தந்தது. ஜெலென்ஸ்கி கேட்டது கிடைத்தது; ஆனால் மேலிருந்து கிடைத்தது. ஆட்சி மாறிற்று. 1980இன் தொழிலாளர் கிளர்ச்சியிலே மக்களோடு நின்ற திருச்சபை, அந்த மதிப்பைத் துலாக்கோலிலே வைத்தது. 1990இல் பள்ளிக்குள் மறைப்பாடம் நுழைந்தது. பொதுவாக்கெடுப்பு வேண்டும் என 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கேட்டனர், கேட்பாரில்லை. 1993 ஜனவரி 7ஆம் நாள் சட்டம், மூன்றே மூன்று காரணங்களை விட்டுவைத்து மற்றதைத் தடுத்தது. மேலிருந்து தந்தது மேலிருந்தே பறிபோயிற்று!

2020 அக்டோபர் 22இல், அம்மூன்றில் ஒன்றான, கரு கடுமையாகக் குறைபட்டிருத்தல் என்ற காரணத்தையும் அரசியல் சட்டத் தீர்ப்பாயம் அடித்தது. 2019இல் அந்நாட்டில் சட்டப்படி நடந்த 1,110 கருக்கலைப்புகளில் 1,074 அந்தக் காரணத்தால் நடந்தவை. 2021இலோ மொத்தமே 107! ஏனையோர் எங்கே சென்றனர்? வசதியுள்ளோர் எல்லை கடந்தனர். வசதியற்றோர் மறைவிலே மாத்திரை தேடினர். 1929இன் கணக்கே மீண்டும்! 2021 செப்டம்பரில், 22ஆம் வாரக் கர்ப்பத்திலே, 30 வயதுப் பெண்ணொருத்தி குருதி நஞ்சாகி மாண்டாள். கருவின் இதயம் நிற்கட்டும் என்று காத்திருக்கிறார்கள் என, மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தன் தாய்க்குச் செய்தி அனுப்பியவள் அவள். நரகம் என்பது உவமையன்று, தோழர்களே. கட்டில் எண் உள்ள இடம்.

ஆனால் இம்முறை வீதி விழித்திருந்தது. 2020 அக்டோபர் 28ஆம் நாள் மட்டும், காவல்துறைக் கணக்கின்படியே, 400க்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள். 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள்! அவர்கள் ஏந்திய அட்டைகளில் எழுதியிருந்தது என்ன? ‘பெண்களின் நரகம்’! தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய நூலின் பெயர், முழக்கமாயிற்று. வார்சாவின் சிரிப்போடு நின்ற ஏடு, கடைசியில் சிற்றூர்ச் சதுக்கங்களுக்கும் சென்று சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தம்மைக் கத்தோலிக்கர் என்றோர் 87.6 விழுக்காடு, 2021இல் 71.3. 2023 தேர்தலில் 74 விழுக்காட்டினர் வாக்களித்தனர். பழமைக் கட்சி பெரும்பான்மை இழந்தது.

வென்றாயிற்றா? இல்லை. 2024 ஜூலை 12இல், கருக்கலைக்க உதவுவோரைச் சிறையிலிடும் விதியைத் தளர்த்த வந்த முன்வரைவு, 215க்கு எதிராக 218 வாக்குகளால் தோற்றது. ஆளும் அணியிலிருந்தே எதிர்வாக்கு விழுந்தது. 2025 ஜூனில், பழமை அணி ஆதரித்த நவ்ரோட்ஸ்கி 50.89 விழுக்காடு பெற்றுக் குடியரசுத் தலைவரானார். நாடு நடுவிலே பிளந்து நிற்கிறது. ஒரு பாதி முத்தமிடுகிறது. மறுபாதி விலங்கை எண்ணிக் காட்டுகிறது.

‘பெண்களின் நரகம்’ பழைய நூல் ஆகவேண்டும். படிப்போர் ‘இப்படியும் ஒரு காலம் இருந்ததா!’ என்று வியக்கவேண்டும். எழுதியவரின் ஆசையும் அதுவாகவே இருந்திருக்கும். அந்த நாள் வரவில்லை. அதனால் நூலுக்கு ஓய்வில்லை. கேலி கதவைத் திறக்கும்; உள்ளே செல்லக் கால்கள் வேண்டும், கூட்டம் வேண்டும், விடாப்பிடி வேண்டும். உரிமை அருளாகக் கிடைத்தால் அருளியவனோடு அதுவும் போய்விடும்; கேட்டு, போராடி, கூடிப் பெற்றதை ஒருவன் பறிக்க வந்தால், அவன் கோடிக் கைகளைக் கடந்தாகவேண்டும். அந்தக் கைகளுக்கு முத்தம் தேவையில்லை.