வெட்டு எங்கே விழுந்தது?

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வென்றதைப் பேசுகிறவர்கள் அவருடைய ஐந்து ‘குவாட்’ தாவல்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காற்றில் நான்கு சுற்று சுற்றி ஒற்றைக் காலில் இறங்குவது லேசான காரியம் இல்லைதான். ஆனால் நீண்ட சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் அவர் எடுத்த 218.63 புள்ளிகளில் 97.22 கலைக்கூறுகளுக்குக் கிடைத்தவை. அதில் பாட்டை வெட்டி ஒட்டியவருக்கும் பங்கு உண்டு.

ஆண்களுக்கு இந்தச் சுற்று நான்கு நிமிடம். பத்து விநாடி முன்பின் ஆகலாம். அதற்குள் தெரிந்த பாடல்களை அடைக்கும் மெட்லிகள் பெரும்பாலும் சொதப்பும். பியானோ தேயும், ‘டமார்’ என்று ஒரு டிரம் அடி விழும், ஒட்டாத அடுத்த பாட்டு தொடங்கும். அந்த இடைவெளியில் வீரர் மூச்சு வாங்குவது நமக்கே தெரிந்துவிடும்.

சென்னின் மெட்லியில் தையல் தெரியவில்லை. பாடகர் எல்டன் ஜானின் 1970களின் பதிவுகளைத் தொடாமல், 2019இல் வந்த ‘ராக்கெட்மேன்’ படத்துக்காக மறுபடி இசையமைத்துப் பாடிய வடிவங்களை எடுத்தார்கள். முக்கியக் குரல் படத்தின் நாயகன் டாரன் எஜர்டனுடையது. ஒலிக்கலவையும் ஒரே கைவண்ணம். ஒட்டும் வேலையில் பாதியைப் படக்காரர்களே முடித்துக் கொடுத்துவிட்டார்கள்!

வரிசையிலும் கணக்கு இருக்கிறது. கடைசி மூன்று தாவல் முயற்சிகளுக்கு 10 சதவீதம் கூடுதல் புள்ளி என்பதால் இசை சீக்கிரமே உச்சிக்குப் போய்விடக் கூடாது. ‘பென்னி அண்ட் த ஜெட்ஸ்’ பாட்டின் ஹிப்-ஹாப் தாளத்தைக் கடைசி வரை பொத்தி வைத்தார்கள். அதற்கு ஆடிய நடன வரிசையின் அடிப்படைப் புள்ளி வெறும் 3. ஒரு குவாட் லட்ஸ் தாவலுக்கோ 11.5. ஆனாலும் கால் களைத்த நேரத்தில் ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தாளம்தான்.

அதே போட்டியில் வெண்கலம் வென்ற ஜப்பானின் ஷோமா யூனோ எடுத்தது இசையமைப்பாளர் ரவேலின் ‘பொலேரோ’. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும். சுருக்கினால் முதலில் அடிபடுவது அந்த ஏற்றம்தான். 1984 சராயேவோ ஒலிம்பிக்கில் இதே இசைக்கு ஆடிய பிரிட்டனின் ஐஸ் டான்ஸ் ஜோடி டார்வில்–டீன் 4 நிமிடம் 28 விநாடிக்குக் கீழே வெட்ட முடியாமல் நின்றது. விதியோ 4 நிமிடம் 10 விநாடி. பிளேடு பனித்தளத்தைத் தொட்டால்தான் கடிகாரம் ஓடும் என்ற அன்றைய விதியைப் பிடித்துக்கொண்டு, முதல் 18 விநாடியை மண்டியிட்டபடியே ஆடினார்கள். கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் முழு மதிப்பெண்ணான 6.0 போட்டார்கள்.