நல்லவனும் வல்லவனும்: மு.வ.வின் கடிதக் கட்டுரைகள்

மனித இயல்பை ஆராய்ந்து வாழும் நெறியை வகுத்துக் கூறுதல் கட்டுரையாளர்தம் தலையாய பணிகளுள் ஒன்று. 1597இல் தம் கட்டுரைகளை வெளியிட்ட ஆங்கில அறிஞர் பேக்கன், அரசவையில் உயர விரும்புவோர்க்கு உலகியல் உணர்த்தினார். டாக்டர் மு. வரதராசனாரோ (1912–1974), செல்வாக்கும் பதவியும் இல்லாத எளிய குடும்பத்து இளைஞர்க்கு எழுதினார். திருப்பத்தூரில் எழுத்தராகவும் பள்ளித் தமிழாசிரியராகவும் பணியாற்றிப் பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்த அவர், எளியோர் வாழ்வை ஏட்டில் மட்டும் கண்டவர் அல்லர்.

'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' ஆகிய நான்கும் கடித வடிவில் அமைந்த கட்டுரை நூல்கள். 'தம்பிக்கு' என்னும் நூலில் வளவன் தன் தம்பி எழிலுக்கு எழுதுகிறான். அறவுரை இளைஞர்க்குக் கசப்பது இயல்பு. அதுவே உடன்பிறந்தவனின் பரிவோடு வரும்போது கசப்பு நீங்கிவிடுகிறது. சிறு சிறு வாக்கியங்களால் ஆன எளிய நடை அப்பரிவுக்குத் துணை செய்கிறது.

நற்பண்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. அதற்கு வல்லமை துணை நிற்றல் வேண்டும் என்பதே அந்நூலின் உயிர்க்கருத்து. இக்கருத்தின் வேர் திருக்குறளில் உள்ளது. பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்த வள்ளுவர், வலியறிதலைப் பொருட்பாலில் வைத்தார். குறளுக்குத் தெளிவுரை கண்ட மு.வ., அவ்விரண்டையும் ஒரே இளைஞனின் உள்ளத்தில் இணைக்க முயல்கிறார்.

இக்கருத்தை உரைத்துப் பார்க்க மலாக்கா மாநிலத் தோட்டங்கள் தக்க உரைகல்லாகும். அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, லயத்தில் வாழ்ந்த தமிழரிடம் நேர்மைக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆயினும் 1950களிலும் 1960களிலும் நாட்டின் பல பகுதிகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, பாட்டாளிகளின் வேலையையும் வீட்டையும் காக்க அப்பண்புகள் மட்டும் போதவில்லை. கூட்டு வல்லமையே அங்குத் தேவைப்பட்டது. 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், பாட்டாளிகளின் பத்துப் பத்து வெள்ளியைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது.

இவ்விடத்தில் மு.வ.வின் எல்லையும் புலப்படுகிறது. தமிழரின் வலிமைக் குறைவை அவர் வருத்தத்தோடு எண்ணுகிறார். எனினும் அவர் கூறும் மருந்து பெரும்பாலும் தனிமனிதனின் ஒழுக்கமும் கட்டுப்பாடுமே. சங்கமும் கூட்டுறவும் வல்லமையை எவ்வாறு ஆக்கித் தரும் என்பது போதிய விரிவு பெறவில்லை. 'தங்கைக்கு' நூலில் இல்லற அமைதியின் பொருட்டு விட்டுக்கொடுத்தலை அவர் வலியுறுத்துவதும் மறு ஆய்வுக்குரியது. ஆணுக்கு நிகராகப் பால் வெட்டிக் குடும்பத்தைத் தாங்கிய தோட்டத்துப் பெண்ணுக்கு அவ்வறிவுரை முழுதும் பொருந்துவதன்று. தம்பிக்கு வேண்டிய வல்லமை தங்கைக்கும் வேண்டும்.

நூலின் குறையினும் பெரிது, அதனை வகுப்பறையில் பயன்படுத்தும் முறையில் நேரும் குறை. பணிவு, பொறுமை, அடக்கம் பற்றிய பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து நன்னெறிக் கட்டுரைக்கு மேற்கோளாக்கினால், மாணவர் பெறுவது பாதி மு.வ.வே ஆகும். அடங்கிப்போதலை மட்டுமே கற்ற பிள்ளை, தனக்குரியதைக் கேட்கவும் அஞ்சும்.

இரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் காணப்படுகின்றன. பால்மரம் வெட்டியோரின் பேரப்பிள்ளைகள் நகரத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை தேடுகின்றனர். குடி தவிர்த்து, சிக்கனம் பேணி, சொன்ன சொல் காக்கும் பண்பு அவர்க்கு வேண்டும். கையெழுத்திடும் ஒப்பந்தத்தைப் படித்தறியும் திறனும், உரிமையைத் தெளிவாகக் கேட்கும் துணிவும், பிறரோடு சேர்ந்து நிற்கும் பழக்கமும் அதே அளவு வேண்டும். எழிலுக்கு வளவன் எழுதிய கடிதம் அவர்களுக்கும் உரியது. அதனைப் பாதியில் மடித்துவிடாமல் முழுதும் படித்துக் காட்டுதல் தமிழாசிரியர் கடனாகும்.