சைபரும் ஒரு எண்தான்: ஃபாஸ்ட்ஏபிஐ பற்றி ஒரு குறை

ஃபாஸ்ட்ஏபிஐ பாடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிகின்றன. பத்து வரி கோடு எழுது, யுவிகார்னை ஓடவிடு, ஆவணப் பக்கம் தானாக வந்து நிற்கும், ஆச்சு. 2018-இல் செபாஸ்டியன் ராமிரெஸ் வெளியிட்ட இந்த பைதான் சட்டகத்தை நானும் அப்படித்தான் கற்றேன். இப்போதும் அதில்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த 'ஆச்சு' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்காக ஒரு சின்ன ஏபிஐ செய்திருந்தேன். மேட்டூர் நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம் என நான்கு எண்கள். தினசரி அறிக்கையிலிருந்து எடுத்து போனில் காட்டும். ஒரு நாள் ஒரத்தநாட்டிலிருந்து சித்தப்பா கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, தண்ணிய நிறுத்திட்டானுவளா? உன் போன்ல சைபர்னு காட்டுதே. நான் சம்பாவுக்கு விதை ஊறப்போடாம உக்காந்திருக்கேன்."

தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை. அன்றைய அறிக்கையில் வெளியேற்றக் கட்டம் காலியாக இருந்தது. என் பைடான்டிக் மாதிரியில் அந்தப் புலத்துக்கு இயல்பு மதிப்பு 0.0 என்று போட்டிருந்தேன். சட்டகம் சரிபார்த்தது: தசம எண்தானே, சரி. 200 என்று பதிலும் அனுப்பியது. பிழைப் பதிவில் ஒரு வரி கிடையாது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அதிகாரப்பூர்வப் பயிற்சியில் ஸ்கிப் = 0, லிமிட் = 10 என்று வரும். பட்டியலைப் பக்கம் பக்கமாக எடுக்க அது சரி. கேட்பவர் எதுவும் சொல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கு என்று பொருள். அளவீட்டுக்கு அது பொய். 'அளக்கவில்லை' என்பதும் 'அளந்தேன், ஒன்றுமில்லை' என்பதும் வேறு வேறு.

கோடு எழுதினவன் தப்புக்குச் சட்டகம் என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயம்தான். அதே பயிற்சியில் மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று குறிக்கும் வழியும் இருக்கிறது. என் குறை வேறு. வகை சரி என்றால் தகவலும் சரி என்கிற நினைப்பை அந்த அழகான ஆவணப் பக்கம் நமக்குள் வளர்த்துவிடுகிறது.

உண்மையான சரிபார்ப்பு சாதாரணக் கணக்கில் இருந்தது. வினாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அன்று மேட்டூர் இருப்பு முந்தைய நாளைவிட ஏறக்குறைய ஒரு டிஎம்சி குறைந்திருந்தது, வரத்தும் சொற்பம். அப்படியிருக்க வெளியேற்றம் எப்படி சைபர் ஆகும்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. பைடான்டிக் கேட்காது. தன் முன்னால் இருக்கும் ஒரு பதிவைத்தான் அது பார்க்கும், நேற்றையதை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நேரமும் அப்படித்தான். 2022-இல் மேட்டூர் மே 24-இல் திறந்தது, கல்லணை மே 27-இல். 2025-இல் ஜூன் 12, ஜூன் 15. மூன்று நாள் இடைவெளி. அப்புறம்தான் கல்லணைக் கால்வாய், அப்புறம்தான் எங்கள் கடைமடை. இப்படி இருக்கும்போது நான் அனுப்பிய நேரமோ சர்வர் அறிக்கையை எடுத்த நேரம், அணையில் அளந்த நேரம் அல்ல.

இப்போது 0.0-ஐ எடுத்துவிட்டேன். கட்டம் காலி என்றால் போனில் 'தகவல் வரவில்லை' என்றே காட்டும். அளந்த நேரத்துக்குத் தனிப் புலம். இருப்புக் கணக்கு ஒத்துவராத பதிவு வெளியே போகாது. எல்லாம் சேர்த்து நாற்பது வரி இருக்கும், எந்தப் பாடத்திலும் நான் பார்க்காத நாற்பது வரி.

சித்தப்பா நான்கு நாள் கழித்துத்தான் விதை ஊறப்போட்டார். "பரவால்ல, விடு" என்றார். ஆனால் இப்போதெல்லாம் என் எண்ணைப் பார்த்த பிறகு, கால்வாய்க் கரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.