இராஜம் கிருஷ்ணனின் நாவல்களும் அவற்றின் வாசகரும்

தமிழில் நாவல் எழுதிய பெண்களுள் இராஜம் கிருஷ்ணனைப் (1925–2014) போல ஒன்றுக்கொன்று முரணான மதிப்பீடுகளுக்கு இலக்கானோர் மிகச் சிலரே. பெண்குரல் 1953இல் கலைமகள் பரிசையும், மலர்கள் 1958இல் ஆனந்த விகடன் பரிசையும் பெற்றன. அவ்வேடுகளின் வழியாகப் பெருந்தொகையான வாசகரைத் தேடிக்கொண்ட அவர், பின்னர் அவ்வாசகரின் எதிர்பார்ப்புகளிலிருந்து படிப்படியாக விலகிச் சென்றார். குடும்பக் கதையின் சுவையை நாடியோருக்கு அவருடைய பிற்கால நாவல்கள் வறண்டனவாகத் தோன்றின. கலையழகை முதன்மைப்படுத்துவோர் அவை தகவல் தொகுப்புகளேயன்றி நாவல்கள் அல்ல என்பர். முற்போக்காளரோ உள்ளடக்கத்தை வரவேற்கும் அதேவேளை, ஆசிரியையின் காந்திய நோக்கினையிட்டு ஐயங்கொள்வர்.

இம்மதிப்பீடுகள் யாவும் ஒரு பொதுக் குறைபாட்டைக் கொண்டுள்ளன எனத் தோன்றுகின்றது. நாவலாசிரியை ஊர்தோறும் சென்று திரட்டிய செய்திகளை நாவலுக்கு வெளியிலுள்ள ஒன்றாகவே இவை கொள்கின்றன. ஒரு சாரார் அதனைப் பாராட்டுகின்றனர், மறு சாரார் பழிக்கின்றனர். நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவ்வாறு பெற்ற அறிவு பாத்திரங்களின் வாழ்வனுபவமாக எங்கு மாறியுள்ளது, எங்கு ஆசிரியையின் கூற்றாகவே எஞ்சிவிட்டது என்பதே அது. இக்கேள்விக்கு நாவலுக்கு நாவல் விடை வேறுபடுகின்றது.

திருச்சி மாவட்டத்து முசிறியிற் பிறந்து, பதினைந்து வயதில் மணமுடித்து, பல்கலைக்கழகக் கல்வி எதுவும் பெறாதவர் இராஜம் கிருஷ்ணன். மின்பொறியியலாளரான கணவரின் தொழில் நிமித்தம் நேர்ந்த இடமாற்றங்களே அவருக்குப் புதிய நிலங்களையும் மக்களையும் அறிமுகப்படுத்தின. மனைவியாக உடன்சென்ற இடத்தைத் தன் ஆய்வுக்களமாக்கிக்கொண்டார் என்பது சிறிய செய்தியன்று. கள ஆய்வு பற்றிப் பேசுமளவுக்கு நாம் அதனைச் செய்வதில்லை என்பதையும் இவ்விடத்தில் ஒப்புக்கொள்ளுதல் தகும்.

நீலகிரியில் வாழ்ந்த காலத்தின் பேறு குறிஞ்சித்தேன். படகர் சமூகத்தைப் பகைப்புலமாகக் கொண்ட இந்நாவல் 1960களின் முற்பகுதியில் வெளிவந்தது. இராகியும் சாமையும் விளைந்த நிலங்களில் தேயிலை ஏறுவதையும், பணப்பயிரோடு பணம் உறவுகளுக்குள் நுழைவதையும், உடன்பிறந்தார்போல் வளர்ந்தோர் வேறுபட்ட வாழ்க்கைகளுக்குள் தள்ளப்படுவதையும் அது காட்டுகின்றது. மண்ணோடு நிற்கும் ஜோகியும் வணிக வாழ்வை நோக்கி நகரும் ரங்கனும் நல்லவன், தீயவன் என்ற எளிய எதிர்நிலைகளாகிவிடக்கூடிய அபாயம் இருந்தது. அதனின்று நாவலைக் காப்பது அதன் கால அமைப்பாகும். பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு தம் வயதையும் தலைமுறையையும் கணக்கிடும் மக்களின் காலக்கணிப்பே நாவலின் காலக்கணிப்பாகவும் அமைகின்றது. ஒரு பூப்புக்கும் மறு பூப்புக்குமிடையே என்ன அழிந்தது என்பதை ஆசிரியை வந்து கூறவேண்டியதில்லை. பாத்திரங்களே அதனை எண்ணிப் பார்க்கின்றன. மானிடவியலாளர் குறிப்பேட்டில் வழக்காறாக நின்றுவிடும் செய்தி, இங்கு கதையின் எலும்பாகிவிடுகின்றது. தகவல் தொகுப்பு என்னும் குற்றச்சாட்டு இந்நாவலைச் சாராது. தேயிலையின் வரலாற்றை உழைப்புச் சுரண்டலின் வரலாறாகவே அறிந்த நமது மலையகத்து வாசகருக்கு, சொந்த நிலத்திலேயே அப்பயிருக்கு இடங்கொடுத்த ஒரு சமூகத்தின் தடுமாற்றம் புதிய அனுபவமாகவும் அமையும்.

இதே வெற்றி எல்லா நாவல்களுக்கும் கிட்டியதெனக் கூற முடியாது. போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்து கோவா விடுபட்ட வரலாற்றைக் கூறும் வளைக்கரம், 1975இல் சோவியத் நாடு நேரு பரிசைப் பெற்றது; நிகழ்ச்சிகளின் பெருக்கத்தில் மனிதர் மங்கிப்போகின்றனர். 1973ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருதைப் பெற்ற வேருக்கு நீர், காந்தியத்தின் நலிவையும் ஆயுத அரசியலின்பால் இளைஞர் கொண்ட ஈர்ப்பையும் எதிரெதிரே நிறுத்துகின்றது. அவர் பெயரோடு மிகுதியாகச் சேர்த்துப் பேசப்படுவது இதுவே. எனினும் அவருடைய சிறந்த நாவல் இதுவன்று. வன்முறையின் சமூக வேர்களை ஆராயவேண்டிய இடத்தில் ஆசிரியை அறத்தின் வீழ்ச்சிக்காக வருந்துகின்றார். முற்போக்காளரின் ஐயம் இந்நாவலைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆனால் அதனையே அளவுகோலாக்கி, பின்வந்தவற்றையும் அளப்பது தவறு.

ஏனெனில், அடுத்த பத்தாண்டில் அவர் எழுத்தில் ஒரு திருப்பம் நிகழ்கின்றது. கடற்றொழிலாளரைப் பற்றிய அலைவாய்க்கரையில், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிய கரிப்பு மணிகள், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலிற் சிறுவர் படும் பாட்டைக் கூறும் கூட்டுக் குஞ்சுகள், கீழ்த்தஞ்சை விவசாயக் கூலிகளைப் பற்றிய சேற்றில் மனிதர்கள் ஆகியன சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து வெளிவந்தன. இவற்றுள் கரிப்பு மணிகளைச் சற்று விரிவாக நோக்குவது பயன்தரும்.

கிராமத்திலிருந்து அளத்து வேலைக்கு வரும் பொன்னாச்சி என்னும் பெண்ணின் வழியாக அத்தொழிலுலகம் நமக்கு அறிமுகமாகின்றது. உப்பு பற்றித் தாம் அறிந்த அனைத்தையும் ஆசிரியை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடவில்லை. வெண்மையின் கூச்சத்தால் கண் எரிவதும், பாத்தியில் நின்று நின்று காற்புண் ஆறாதிருப்பதும், அத்தனை நீரின் நடுவிலும் குடிக்க நல்ல நீர் அருமையாவதும், வேலை கொடுப்பவனும் வேலை வாங்குபவனும் பெண்ணின் உடலையும் கூலிக் கணக்கிற் சேர்த்துக்கொள்வதும் பொன்னாச்சிக்கு எப்பொழுது தெரியவருகின்றனவோ அப்பொழுதே நமக்கும் தெரியவருகின்றன. ஆண் தொழிலாளி ஒருமுறை சுரண்டப்படும் இடத்திற் பெண் இருமுறை சுரண்டப்படுகின்றாள் என்னும் உண்மை, கோட்பாடாகவன்றி ஒரு நாள் வேலையின் விவரணமாகவே வெளிப்படுகின்றது. தொழிற்சங்கத்தின் தேவையும் இவ்வாறே நாவலின் உள்ளிருந்து பிறக்கின்றது. காந்தியவாதி எனத் தள்ளிவிடப்பட்ட எழுத்தாளர் ஒருவர், கூட்டுப் போராட்டத்தின் அவசியத்தை உழைப்பின் நிலைமைகளிலிருந்தே கண்டறிகின்றார் என்பது கவனத்துக்குரியது.

குறைகளும் உள. உரையாடல் வட்டார வழக்கிற் செறிவாக அமைந்திருக்க, ஆசிரியை கூற்று படித்த நடுத்தர வர்க்கத்தின் மொழியிலேயே நிற்கின்றது. பாத்திரம் உணர்ந்ததை அடுத்த வாக்கியத்திலேயே ஆசிரியை இரக்கத்தோடு விளக்கும்போது, இவ்விரு மொழிகளுக்கும் இடையிலுள்ள தூரம் துலக்கமாகின்றது. டானியலின் பஞ்சமர் (1972) நாவலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கட்டமைப்பிற் குறைகள் பல இருப்பினும், அங்கே கதைசொல்லி தான் கூறும் மக்களிடையே நின்று பேசுகின்றார். இராஜம் கிருஷ்ணன் பேருந்திலிருந்து இறங்கி வந்து கேட்டு எழுதியவர். அதனை அவர் மறைத்ததுமில்லை. ஆனால், ஒடுக்கப்பட்டோரை அவர்களுள் ஒருவரே எழுதவேண்டும் என்ற வாதத்தை அதன் எல்லைக்குக் கொண்டுசென்றால், அன்றைய உப்பளப் பெண் தமிழ் நாவலுக்குள் வராமலே போயிருப்பாள். வெளியிலிருந்து வந்தவர் எவ்வளவு தூரம் காண முடிந்தது, எவ்விடத்திற் பார்வை நின்றுவிட்டது என்று ஆராய்வதே விமரிசகர் பணி. கருப்பொருளுக்காக மட்டும் பாராட்டிவிட்டு அமையும் முற்போக்கு விமரிசனமும், கருப்பொருளைக் கண்டதும் நூலை மூடிவிடும் அழகியல் விமரிசனமும் இப்பணியிலிருந்து ஒருங்கே நழுவிவிடுகின்றன.

தொடக்ககாலக் குடும்ப நாவல்களையும் பிற்கால உழைப்பாளர் நாவல்களையும் இருவேறு ஆசிரியைகளின் ஆக்கங்கள் போலப் பிரித்துப் பேசும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. பெண்குரலில் கூட்டுக்குடும்பத்துள் ஒடுங்கிய பெண்ணின் நிலையே பொருள். அப்பெண்ணை வீட்டிலிருந்து அளத்துக்கும் வயலுக்கும் பின்தொடர்ந்து சென்றதன் விளைவுதான் ஏனைய நாவல்கள். 1968 டிசம்பர் 25இல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியின் நினைவு ஆறாத மண்ணைச் சேற்றில் மனிதர்கள் சித்திரிக்கும்போதும், போராட்டத்திற் கூட வீட்டுக்குள் மாறாதிருக்கும் ஆணாதிக்கத்தை அவர் காணாமல் விடவில்லை. முற்போக்கு வாசகருக்கு உவப்பாயிராத இப்பகுதியே அந்நாவலின் வலுவான பகுதியாகும்.

பாதையில் பதிந்த அடிகள் (1991) இவ்விரு நீரோட்டங்களும் கலக்குமிடம். பிராமண விதவையான மணலூர் மணியம்மை, கூந்தலை வெட்டி, வேட்டியும் மேற்சட்டையும் அணிந்து, கீழ்த்தஞ்சைப் பண்ணையாட்களைத் திரட்டியவர், 1953இல் மறைந்தார். எழுதப்பட்ட வரலாறுகளில் அவருக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவரை நினைவில் வைத்திருந்தோரைத் தேடிச் சென்று கேட்டு இராஜம் கிருஷ்ணன் இந்நாவலை ஆக்கினார். இது தகவல் தொகுப்பு என்று கூறுவோர், தொகுக்கப்படாவிட்டால் அத்தகவல் எங்கே இருந்திருக்கும் என்பதற்கும் விடை கூறவேண்டும். எனினும் நாவல் என்ற வகையில் ஒரு குறை தெளிவாகவே தென்படுகின்றது. குலமும் குடும்பமும் கட்சியும் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது அப்பெண் தனிமையில் என்ன எண்ணினாள் என்பதை ஆசிரியை பெரும்பாலும் எட்டிப் பார்ப்பதில்லை. பொன்னாச்சியின் மனத்துக்குள் அத்தனை இயல்பாகப் புகுந்தவர், மணியம்மையின் முன் மரியாதையோடு வாசலிலேயே நின்றுவிடுகின்றார்.