பேயும் பத்திரமும்: ஹாத்தார்னின் ‘ஏழு கூரைமுகப்பு வீடு’ புதினத்தில் நில உரிமை

அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாத்தார்ன் 1851இல் வெளியிட்ட ‘ஏழு கூரைமுகப்பு வீடு’, ஆவிகள் உலவும் வீட்டைப் பற்றிய புதினங்களுள் முதன்மையானது. ஒரு தலைமுறை இழைத்த தீங்கு அடுத்தடுத்த தலைமுறைகளையும் தொடரும் என்பதே நூலின் நீதி என முன்னுரை கூறுகிறது. அத்தீங்கிற்கு ஆளானோர் அனைவரையும் புதினம் நினைவில் கொள்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1692இல் சேலம் பகுதியில் சூனியக் குற்றச்சாட்டின்பேரில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளை விசாரித்த நடுவர்களுள் ஒருவரான ஜான் ஹாத்தார்ன், நாவலாசிரியரின் மூதாதையர். புதினத்தில் கர்னல் பிஞ்சன், மேத்யூ மாலின் சிறு நிலத்தின்மீது உரிமை கோருகிறார். மால் சூனியக்காரராகத் தூக்கிலிடப்பட்டபின் அந்நிலத்தில் கர்னலின் மாளிகை எழுகிறது. தூக்குமேடையில் மால் இட்ட சாபம் பிஞ்சன் குடும்பத்தைத் தொடர்கிறது. ஆக, சூனியம் இங்கு அமானுடச் செய்தியாக மட்டும் அமையவில்லை. நிலப்பறிப்பின் கருவியாகவும் செயற்படுகிறது.

நீதிபதி ஜாஃப்ரி பிஞ்சன் நாற்காலியில் இறந்து கிடக்கும் இரவில், முன்னோரின் ஆவிகள் வரிசையாக வந்து கர்னலின் ஓவியச் சட்டத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. மூலையில் மால் குடும்பத்துத் தச்சரின் உருவம் நின்று நகைக்கிறது. உடனேயே இக்காட்சியை வெறும் கற்பனை எனக் கதைசொல்லி ஒதுக்கிவிடுகிறார். எனினும் ஆவிகள் தேடுவது எது என்பது பின்னர் புலனாகிறது. ஓவியத்தின் பின்னால் மறைந்திருப்பது, கிழக்குப் பகுதிப் பெருநிலத்தைப் பூர்வகுடித் தலைவர்கள் ஒப்பமிட்டு அளித்த பழைய பத்திரம்.

மாலின் இழப்பிற்குச் சாபமும் ஆவியும் சான்றாக நிற்கின்றன. பூர்வகுடிகளின் இழப்பிற்கோ ஆவி இல்லை. அவர்களுடைய ஒப்பம் மட்டுமே எஞ்சுகிறது. அப்பத்திரமும் பயனற்ற தாளாகக் கைவிடப்படுகிறது. எவருடைய துயர் பேயாகத் திரும்பிவர இயலும் என்பதையும் அதிகாரமே வரையறுக்கிறது எனலாம்.

முடிவும் இவ்வாசிப்பிற்கு அரண் செய்கிறது. வீடுகள் தலைமுறை கடந்து நிலைக்கலாகாது என வாதிட்ட ஹோல்கிரேவ், மாலின் வழித்தோன்றல். அவர் ஃபீபி பிஞ்சனை மணக்கவிருக்கும் நிலையில், ஜாஃப்ரியின் நாட்டுப்புற மாளிகை கல்லால் கட்டப்பட்டிருக்கலாமே என விரும்புகிறார். இரு குடும்பங்களின் பகை தீர்கிறது. அவர்கள் பழைய வீட்டைத் துறக்கின்றனர், சொத்தைத் துறக்கவில்லை. முன்னுரை மொழிந்த நீதியை முடிவு நிறைவேற்றாமல் விடுகிறது. இம்முரணை நூலின் குறையென ஒதுக்குவதினும், குடியேற்றச் சமூகத்தின் தன்னறியா ஒப்புதலாகக் கொள்வதே பொருந்தும்.