ஆக்கியோன் பெயரும் அரைப்பேரும்
மலையக எழுத்தாளரும் இலக்கிய நேர்காணலும்

நூலின் முகப்பிலே பாயிரம் அமைப்பது தமிழ் மரபு. சிறப்புப் பாயிரமானது நூல் செய்தவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் தெரிவித்தல் வேண்டும் என்பர் நன்னூலார். இவற்றை நூலாசிரியன் தானே கூறுதல் சிறப்பன்று. அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ கூறுதலே முறை. தற்புகழ்ச்சி புலமைக்கு இழுக்கு என்பது முன்னோர் துணிபு. ஆயினும் நான்கு இடங்களில் இவ்விதிக்கு விலக்குண்டு. அரசனது அவைக்கு ஓலை விடுக்குங்காலும், தன் ஆற்றலை அறியாதாரிடையிலும், அவையிலே வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்தவிடத்தும் புலவன் தன்னைப் பற்றித் தானே பேசலாம் என நன்னூல் இடங்கொடுக்கின்றது.

இக்காலத்து இதழ்களிலே பேட்டி என்றும் நேர்காணல் என்றும் வழங்குவது, மேற்கூறிய எட்டு வினாக்களையும் ஆசிரியனிடமே நேரிற் கேட்டு விடை பெறும் முயற்சியாகும். முதுமைக்காலத்துக் கதேயின் உரையாடல்களை எக்கர்மான் 1836ஆம் ஆண்டு முதலாக நூலாக்கி வெளியிட்டார். 1953இல் தொடங்கிய 'பாரிஸ் ரிவ்யூ' என்னும் இதழ், எழுத்தாளரின் தொழில்முறையை ஆழ்ந்து வினாவும் நேர்காணலைத் தனியொரு இலக்கிய வடிவமாக நிலைநிறுத்தியது. தமிழகத்திலே கோமல் சுவாமிநாதன் ஆசிரியராயிருந்த காலத்துச் 'சுபமங்களா' இத்துறையில் முன்னின்றது. ஈழத்திலே, 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய 'ஞானம்' நேர்காணல்களுக்குத் தக்க இடமளித்தது. அதன் ஆசிரியர் தி. ஞானசேகரன் தோட்ட மருத்துவராகப் பணியாற்றியவர். 'குருதிமலை' என்னும் நாவலின் ஆசிரியர். இவ்வடிவம் மலையக எழுத்தாளரிடத்து எவ்வாறு பயன்படுதல் வேண்டும், எங்கே வழுவுகின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையக மக்களுக்குக் 'கேள்வி' என்பது இனிய சொல்லன்று. துறையிலே இறங்கிய நாள்முதலாக அவர்களைப் பலர் பலவாறு கேட்டனர். எந்த ஊர், எந்தக் கங்காணி, எத்தனை தலை என்று கேட்டனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிய பின்னர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோரை அதிகாரிகள் விசாரித்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் மீண்டும் விசாரணையும் எண்ணிக்கையும் தொடர்ந்தன. இவ்விசாரணைகளிலெல்லாம் விடையளிப்பவன் ஐயத்துக்குரியவன், வினவுபவனே தீர்ப்பளிப்பவன். இலக்கிய நேர்காணலோ இந்நிலையைத் தலைகீழாக்குகின்றது. அங்கே வினவுபவன் கற்க வந்தவன், விடையளிப்பவன் அறிந்தவன். நன்னூலார் விலக்களித்த நான்கு இடங்களுள், ஆற்றலை உணராதாரிடையும் பழித்தவிடத்தும் பேசுதல் என்னும் இரண்டும் மலையக எழுத்தாளருக்கு முற்றும் பொருந்துவன. ஆதலின் அவர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசுதல் தற்புகழ்ச்சியாகாது.

இனி, எட்டினுள் முதலாவதாகிய ஆக்கியோன் பெயரை நோக்குவோம். தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. செக்ரோலிலே ஒரு நாள் வேலை பதியப்படுதலே 'பேர்' எனப்படும். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' மட்டுமே விழும். பெற்றோர் இட்ட பெயர் ஒன்றாயினும், பிரட்டுக்களத்திலே ஒருவருக்கு நாள்தோறும் கிடைக்கும் பேர் வேறொன்று; அது முழுதாவதும் பாதியாவதும் பிறர் கையிலுள்ளது. இத்தகைய நிலத்திலிருந்து எழுந்த எழுத்தாளர் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டமை சிந்திக்கத்தக்கது. தெளிவத்தை ஜோசப் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயரின் முன் வைத்தார். மல்லியப்புசந்தி திலகர் அட்டனிலுள்ள சந்தியொன்றின் பெயரைத் தமதாக்கினார். சங்கப் புலவர் பலர் ஊர்ப்பெயரோடு அறியப்பட்டமையை நாம் அறிவோம். எனினும், காணியுரிமை இல்லாத ஒருவர் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்க்கும்பொழுது, அஃது அடையாளம் மட்டுமன்று. ஓர் உரிமைக் கோரிக்கையுமாகும். இப்பெயரை ஏன் தேர்ந்தீர் என்னும் எளிய வினா, பல பக்கத் திறனாய்வுக்கு வாயில் திறக்கும்.

அடுத்தது வழி. மலையக இலக்கியத்தின் மூலவூற்று வாய்மொழிப் பாடலே. இதனை முதலில் நன்குணர்ந்தோருள் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914 - 1984). மடகொம்பரைத் தோட்டத்திலே பிறந்து, 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற அவர், தொழிற்சங்கவாதியாகத் தோட்டந்தோறும் நடந்தவர். அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலுருப்பெற்றது. பாடல் தொகுப்போன் செய்வது யாது? லயத்து வாசலிலும் தேயிலை மலையிலும் பெயர் அறியப்படாத பாடகியின்முன் அமர்ந்து, கேட்டு, மீண்டும் பாடச்சொல்லி, சொல் பிழையாது எழுதிக்கொள்ளுதலாம். நோக்கின், இதுவே மலையகத்தின் முதல் நேர்காணல். ஆனால் வினவியவரின் பெயர் நூலின் முகப்பில் நிற்க, பாடியவளின் பெயர் நில்லாது போயிற்று. இது சி. வி. அவர்களின் குறையன்று, நாட்டார் பாடலைப் 'பொதுவுடைமை' எனக் கருதிய அக்காலத்துப் பொதுமரபு அது. இன்று நாம் செய்யும் நேர்காணல் அம்மரபின் குறையை நிறைவுசெய்தல் வேண்டும்.

சி. வி. அவர்களுக்கு முன்னரே மேடையேறிப் பாடியவர் மீனாட்சியம்மாள். 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியாகிய அவர், கூட்டங்களிலே பாடி மக்களைத் திரட்டினார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் வெளியிட்டார். மெட்டை எவ்வாறு தேர்ந்தார், கூட்டம் எந்த அடியிலே அவரோடு சேர்ந்து பாடிற்று, பெண்ணொருத்தி மேடையேறியதை லயத்துப் பெண்கள் எவ்வாறு ஏற்றனர் என்பனவற்றையெல்லாம் அவர் வாயாற் கேட்டறியும் வாய்ப்பு இனி இல்லை. பாட்டு எஞ்சிற்று, பாயிரம் மறைந்தது.

யாப்பு என்பதை இக்காலத்து நிலைக்கேற்ப மொழி, வடிவம் ஆகிய இரண்டுக்கும் பொதுவாகக் கொள்ளலாம். சி. வி. தேயிலைத் தோட்டத்து வாழ்வைப் பற்றிய தம் நெடுங்கவிதையை ஆங்கிலத்திலே இயற்றினார். அதனைச் சக்தீ அ. பாலஐயா தமிழிலே ஆக்கி, 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரோடு 1969இல் வெளியிட்டார். எந்த மக்களைப் பற்றிப் பாடப்பட்டதோ அந்த மக்களுட் பலர் அக்கவிதையை அறிந்தது இத்தமிழாக்கத்தின் வாயிலாகவே. ஈண்டுத் திறனாய்வாளன் வினவ வேண்டியவை பல. பாடலைத் தமிழிலே கேட்டு வளர்ந்த செவி, கவிதையை ஆங்கிலத்திலே ஏன் எண்ணிற்று? கொழும்பிலும் கடல் கடந்தும் உள்ளோரை நோக்கிப் பேசுவதற்காகவா? மீண்டும் தமிழுக்கு வந்தபொழுது எவை சேர்ந்தன, எவை நீங்கின? இவ்வினாக்களுக்கு ஒருவர் மட்டும் விடையளித்தல் இயலாது. கவிஞரையும் தமிழாக்கியவரையும் ஒருசேர இருத்திக் கேட்டிருத்தல் வேண்டும். இருவரும் இன்று இல்லை.

நுதலிய பொருள் என்னும் கூற்றிலேதான் இன்றைய நேர்காணல்கள் பெரிதும் வழுவுகின்றன. மலையக எழுத்தாளர் ஒருவரைக் காண்போர் பெரும்பாலும் கேட்பது துயரத்தைப் பற்றியே. எத்தனை அடி நீள அறையிலே வாழ்ந்தீர், எத்தனை நாள் பசித்திருந்தீர், எவ்வாறு படித்தீர் என்று வினவி, கண் கலங்கி எழுந்து செல்கின்றனர். இவை வேண்டா எனக் கூறுவேனல்லேன். ஆனால் இவற்றோடு நின்றுவிட்டால், எழுத்தாளர் புலவராகக் கருதப்படாமற் சாட்சியாக மட்டுமே கருதப்படுகின்றார். யாழ்ப்பாணத்துக் கவிஞரிடமும் சென்னைக் கவிஞரிடமும் உவமையைப் பற்றியும் ஓசையைப் பற்றியும் கேட்போர், அட்டன் கவிஞரிடம் மட்டும் அட்டையையும் மழையையும் பற்றிக் கேட்பது நடுவுநிலைமை ஆகுமா?

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதை இதற்கு நல்ல விடை தருகின்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி மிகுதியான நிறை எடுக்கின்றாள். அந்நிறை மெய்யானதன்று, கணக்கெழுதியவரின் தயவால் வந்தது என ஐயுறவு எழுகின்றது. அவள் அழுது முறையிடவில்லை; மலையிலே இறங்கித் தன் கைத்திறத்தாலேயே அதனை மெய்ப்பிக்கின்றாள். இக்கதையின் உயிர் வறுமை அன்று, தொழிற்றிறனும் அதன்மீது ஒருத்தி கொண்ட மானமுமாகும். அரைப்பேர் எழுதும் ஏட்டுக்கு எதிராக முழுப்பேர் கோரும் கதை அது. இராமையாவை ஒருவர் சந்தித்து வறுமையைப் பற்றி மட்டும் கேட்டிருப்பின், தம் கதைத்தலைவிக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்திருக்கும்: அவருடைய கூடையிலுள்ளது என்னவென்று பார்க்கப்பட்டிராது. அவருடைய தொகுதி 1980இல் வெளிவந்தது. அவர் மறைந்தது 1990இல். கொழுந்து பறிக்கும் விரல்களின் வேகத்தைச் சொல்லிலே எவ்வாறு கொணர்ந்தார் என்னும் வினாவே அவரிடம் கேட்டிருக்க வேண்டிய முதல் வினா.

எல்லையும் கேட்போரும் ஒருங்கே நோக்கற்பாலன. லயம், கவ்வாத்து, கொந்தரப்பு, பிரட்டு முதலிய சொற்கள் மலையகத்து வாசகனுக்கு நாட்சொற்கள். சென்னை வாசகனுக்கோ அடிக்குறிப்பு வேண்டுவன. தெளிவத்தை ஜோசப்புக்கு 2013ஆம் ஆண்டு தமிழகத்திலே விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டபொழுது, 'நாமிருக்கும் நாடே' தொகுதியின் கதைகளை முதன்முறையாக அறிந்தோர் அங்கே பலராவர். யாரைக் கேட்போராகக் கொண்டு ஓர் எழுத்தாளர் எழுதுகின்றார், அடிக்குறிப்பு இடுகின்றாரா, இடாது விடுகின்றாரா என்பது நடையைப் பற்றிய வினாவாகத் தோன்றினும், உண்மையில் அவர்தம் தன்மதிப்பைப் பற்றிய வினாவாகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆசிரியன் கூறியதே நூலின் முடிந்த பொருள் எனக் கொள்ளுதல் தவறு. நினைவு பிறழும், முதுமையிலே இளமை வேறு நிறம் பெறும், இயக்கச் சார்பு முன்னைய எழுத்துக்குப் பின்னைய நோக்கத்தைக் கற்பிக்கும். ஆதலின் நேர்காணல் என்பது தீர்ப்பன்று, சான்று. அதனை நூலோடு ஒப்பிட்டு, முரணுமிடத்து நூலின் பக்கமே நிற்றல் திறனாய்வாளன் கடன். உரைகாரர் பாயிரத்தை மதித்தனர். ஆனால் நூற்பாவுக்கு மேலாக அதனை வைத்தாரல்லர். அதேவேளை, சான்றே இல்லாதவிடத்து ஒப்பிடுதற்கும் ஒன்றுமில்லை என்பதை மறத்தலாகாது.

மலையகத்தார் இக்கடமையைத் தாமே ஓரளவு ஆற்றியுள்ளனர். சாரல் நாடன் 1986இல் 'சி. வி. சில சிந்தனைகள்' என்னும் நூலையும், 1988இல் நடேசய்யரைப் பற்றிய நூலையும் எழுதினார். தெளிவத்தை ஜோசப் 2000ஆம் ஆண்டிலே 'மலையகச் சிறுகதை வரலாறு' தந்தார். பின்வந்தோர் முன்னோருக்குச் செய்த பாயிரங்கள் இவை. ஆனால் பாயிரம் செய்தோரும் சென்றுவிட்டனர். சாரல் நாடன் 2014இலும், தொழிலாளர் கவிஞராகிய மல்லிகை சி. குமார் 2020இலும், தெளிவத்தை ஜோசப் 2022இலும் மறைந்தனர். ஒவ்வொரு மறைவின்போதும் இரங்கலுரைகள் பல எழுந்தன. இரங்கலுரை பயன் கூறும், வழி கூறாது.

மாணவர்க்கு ஒன்று கூறி அமைவேன். உங்களுட் பலருடைய ஊரிலே, அச்சேறாத ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்திருக்கும் ஐயா ஒருவரோ, தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த அம்மாயி ஒருத்தியோ இருப்பது உறுதி. விடுமுறையிலே சென்று அவர்முன் அமருங்கள். முதலிற் பெயரைக் கேட்டு, அதனைப் பிழையின்றி எழுதுங்கள். அதன்பின் துயரத்தைக் கேட்குமுன் திறனைக் கேளுங்கள்: இச்சொல்லை எங்கே பெற்றீர், இந்த அடியை ஏன் மாற்றினீர், இதனை முதலிற் கேட்டவர் யார் என்று வினவுங்கள். அவர் கூறிய சொல்லை அவர் சொன்னவாறே எழுதுங்கள். தோட்டத்து ஏடுகள் அம்மக்களுக்கு அரைப்பேர் எழுதியது போதும். கல்லூரியின் ஏட்டிலாவது முழுப்பேர் விழட்டும்.